படித்தவன் ஏன் புகைப்பதில்லை?

மூதூர் இறங்குதுறைக்கு அண்மையிலுள்ள தேத்தண்ணீர்க் கடைகளில் விடியற்காலை வேளையில் எவரும் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. கொட்டியாரக் குடாவில் இரவெல்லாம் வலைபோட்டுக் கரையேறியவர்கள், மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுந்தேத்தண்ணீருடன் ஒரு பீடியையோ ஒற்றைச் சிகரட்டையோ பற்றவைக்கின்றனர். சற்று நேரத்தில் அதே தெருவால் வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லத் தொடங்குகின்றனர். கடையிலிருப்போருட் பலர் தாமும் அத்தெருவாற் சில ஆண்டுகள் சென்றவர்களே, இடையில் நின்றுவிட்டவர்கள்.

இவர்களைப் பார்த்து நம்முட் படித்தோர் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "படிப்பறிவில்லாத சனம், எவ்வளவு சொன்னாலும் விளங்காது." இதனைச் சொல்பவர் தீயவரல்லர். பெரும்பாலும் ஆசிரியராகவோ சுகாதார உத்தியோகத்தராகவோ இருப்பார். மக்கள்மீது அக்கறை கொண்டவராகவும் இருப்பார். முற்போக்குக் கொள்கையுடைய நண்பர்கள்கூட இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பார்வைக்கு அனுதாபமாகத் தோன்றும் இவ்வாக்கியத்தினுள்ளே, ஏழையின் நோய்க்கு ஏழையின் மூளையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தீர்ப்பொன்று மறைந்திருக்கின்றது. அத்தீர்ப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில், கூடுதலாகப் படித்தவர் குறைவாகப் புகைக்கின்றனர். குறைவாகப் படித்தவர் கூடுதலாகப் புகைக்கின்றனர். இலங்கையிலும் ஆண்களைப் பொறுத்தவரை நிலைமை இதுவே. புகையிலையினால் வரும் புற்றுநோயும் இருதய நோயும் சுவாச நோயும் ஏழைக் குடும்பங்களிலேதான் அதிகமாகப் படுக்கை விரிக்கின்றன. இவ்வுண்மையை மறுப்பது மக்களுக்குச் செய்யும் தொண்டாகாது. நாம் மறுப்பது உண்மையையன்று, அதற்குச் சொல்லப்படும் காரணத்தையே.

காரணத்தை அறிய வேண்டுமாயின் வரலாற்றைக் கேட்க வேண்டும். கல்விக்கும் புகைக்குமிடையே இன்று காணப்படும் பகைமை என்றும் இருந்ததா? இல்லை. தமிழிலக்கியத்திலேயே இதற்குச் சான்றுண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய புகையிலைவிடு தூது என்னும் பிரபந்தத்தை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டார். பழனி முருகனிடம் தூது செல்லும் பெருமை அங்கே புகையிலைக்குக் கிட்டுகின்றது. அன்னமும் மேகமும் தென்றலும் தூது சென்ற மரபிலே, பிற நாட்டிலிருந்து வந்த இலையொன்றும் சென்று சேர்ந்துவிட்டது. கற்றறிந்த புலவர் பாடினார், கற்றறிந்தோர் கேட்டுச் சுவைத்தனர். அன்று கல்வி புகையிலைக்குப் பகையாக இருக்கவில்லை, தோழமையாகவே இருந்தது.

மேல்நாட்டிலும் இதுவே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிகரட் நாகரிகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. பேராசிரியரும் எழுத்தாளரும் வைத்தியரும் புகைத்தனர். இரண்டாம் உலகப் போரிலே படைவீரரின் பங்கீட்டில் சிகரட்டும் ஒன்றாயிற்று. கடற்படைத் தளமாக விளங்கிய நமது திருகோணமலைத் துறைமுகமும் அந்தப் புகையை அறிந்ததே. 1950ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இரு ஆராய்ச்சியாளர் சிகரட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டினர். அடுத்த ஆண்டு அவர்கள் பிரித்தானிய வைத்தியர்களையே ஆராயத் தொடங்கினர். ஐம்பது ஆண்டுகள் நீடித்த அவ்வாராய்ச்சி, தொடர்ந்து புகைத்தோர் புகைக்காதோரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர் என்று 2004இல் முடிவு கூறியது. 1964இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் வெளியிட்ட அறிக்கை இச்செய்தியை உலகறியச் செய்தது.

அதன்பின் நடந்ததுதான் கவனத்துக்குரியது. முதலிற் கைவிட்டவர்கள் வைத்தியர்களும் உயர்கல்வி பெற்றோருமே. வசதியுள்ளோர் வெளியேற வெளியேறப் பழக்கம் சமூகத்தின் கீழ்ப்படிகளிலே தேங்கியது. இன்று நாம் காணும் "படித்தவன் புகைப்பதில்லை" என்னும் நிலை இயற்கை விதியன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலத்தில், வாழ்வு காக்கும் அறிவொன்று சமமின்றிப் பங்கிடப்பட்டதன் விளைவாகும். நிலமும் தோணியும் எவ்வாறு பங்கிடப்பட்டனவோ, அவ்வாறே இவ்வறிவும் பங்கிடப்பட்டது.

ஆயினும், "அறிவு பரவாததே குறையெனில், அறிவைப் பரப்பினாற் போதுமே" என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் பொருளியலாளர் நுழைகின்றனர். அவர்களுடைய வாதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம்மவர் சொல்லும் வாக்கியத்தின் நாகரிகமான வடிவத்தை அங்கே காணலாம்.

1972இல் மைக்கேல் குரொஸ்மன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் ஆரோக்கியத்தை ஒருவகை மூலதனமாகக் கொண்டு கோட்பாடொன்றை வகுத்தார். மனிதன் பிறக்கும்போது ஒரு தொகை ஆரோக்கியத்துடன் பிறக்கிறான், அது ஆண்டுதோறும் தேய்கின்றது, உணவாலும் மருந்தாலும் ஓய்வாலும் அதனைப் புதுப்பிக்கிறான், கல்வியுள்ளவன் இதனைத் திறமையாகச் செய்கிறான் என்பது அதன் சாரம். மனித உடலை இயந்திரம்போலத் தேய்மானக் கணக்கில் எழுதும் இம்முறை முதலாளித்துவச் சிந்தனையின் இயல்பைக் காட்டுகின்றது என்பது ஒருபுறமிருக்க, இதில் ஓர் உண்மையும் உண்டு. கூலிக்காரனின் உடல் தேய்கின்றது என்பதை அக்கணக்கு மறைக்கவில்லை. யார் பொருட்டுத் தேய்கின்றது என்பதைத்தான் அது கேட்கவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1982இல், விக்டர் ஃபக்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றிய ஃபரெல் என்பவரும் அமெரிக்காவிற் கலிபோர்னியா மாநில மக்களிடம் பெற்ற விவரங்களை ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு வியப்புக்குரியது. இருபத்துநான்கு வயதில், கூடுதலாகப் படித்தவர்க்கும் குறைவாகப் படித்தவர்க்குமிடையே புகைப்பதிற் பெரும் வேறுபாடு இருந்தது. ஆனால் அதே மனிதர்கள் பதினேழு வயதில், ஏறத்தாழ ஒரே வகுப்பில் இருந்தபோதே, அந்த வேறுபாடு முழுவதும் தோன்றிவிட்டிருந்தது! அதாவது, பின்னாற் பல்கலைக்கழகம் செல்லவிருந்தவன் செல்லுமுன்பே புகைக்காதவனாக இருந்தான். பல்கலைக்கழகம் அவனைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இம்முடிவை எவ்வாறு விளக்குவது? கல்வியையும் புகையையும் ஒருங்கே தீர்மானிக்கும் மூன்றாவது காரணமொன்று இருக்க வேண்டும் என்றார் ஃபக்ஸ். அது யாதாக இருக்கலாம் என்று அவர் ஐயுற்றாரெனில், "காலத்தைப் பற்றிய மனப்பாங்கு" என்பதே. சிலர் இன்றைய இன்பத்தை விடுத்து நாளைய நன்மைக்காகக் காத்திருக்க வல்லவர், அவர்கள் படிக்கவும் செய்வர், புகைக்காமலும் இருப்பர். வேறு சிலர் பொறுமையற்றவர், அவர்கள் படிப்பையும் விடுவர், புகையையும் பிடிப்பர். "சொன்னாலும் விளங்காது" என்று நம்மவர் சொல்வதும் "பொறுமையற்றவர்" என்று பொருளியலாளர் சொல்வதும் ஒரே இடத்திற்றான் வந்து முடிகின்றன: ஏழையின் குறை ஏழையின் உள்ளேயே இருக்கின்றது!

இவ்வாதத்துக்கு மூதூரிலிருந்து நாம் இரண்டு மறுப்புகள் கூறலாம்.

ஒன்று, மூதூரிற் பெரும்பான்மையினர் முஸ்லிம் மக்கள். றமழான் மாதத்திலே, பகல் முழுவதும் உண்ணாமல், ஒரு மிடறு நீரும் அருந்தாமல், புகையையும் தொடாமல் உழைக்கும் மனிதர்களை அங்கே பார்க்கலாம். பதினொரு மாதம் விடாமற் புகைப்பவன் அந்த ஒரு மாதம் வைகறை முதல் அந்திவரை கைவைக்காமல் இருக்கிறான். ஐயப்பன் மலைக்கு மாலையணியும் தமிழ்த் தொழிலாளியும் விரதக் காலத்தில் அவ்வாறே இருக்கிறான். இவர்களுக்கா பொறுமையில்லை? இவர்களுக்கா மனவுறுதியில்லை? ஊர் முழுவதும் சேர்ந்து நிற்கும்போது, காரணம் பெரிதாக இருக்கும்போது, துணைக்கு ஆளிருக்கும்போது, அதே மனிதன் எவ்வளவு வலிமையுள்ளவனாகிறான் என்பதைக் காண்கிறோம். பழக்கத்தை விடுவது தனிமனித குணத்தின் சோதனை மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டு, பெண்களின் நிலை. 2015ஆம் ஆண்டளவில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்றில், வயதுவந்த ஆண்களில் நூற்றுக்கு 29 பேரளவில் புகைப்போராக இருந்தனர். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவரே இருந்தார். கல்வியறிவே காரணமெனில், அதிகம் படியாத கிழவி அதிகம் புகைக்க வேண்டுமன்றோ? அவள் புகைக்கவில்லை. (வெற்றிலையோடு புகையிலை போடுகிறாள் என்பது வேறு, அங்கே அவளைத் தடுக்கும் சமூக வழக்கம் இல்லை.) புகைப்பதும் புகைக்காமையும் பாடப்புத்தகத்தைவிடச் சுற்றத்தாலும் வழக்கத்தாலும் வாழ்நிலையாலும் அமைகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

பொருளியலாளரின் பிற்கால ஆராய்ச்சியொன்றே அவர்களுடைய முன்னைய ஐயத்துக்கு ஆதரவளிக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2010இல் கட்லர், யெராஸ்-மூனி என்னும் இருவர், அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கிடைத்த விவரங்களைக் கொண்டு, கல்விக்கும் சுகாதாரப் பழக்கங்களுக்குமுள்ள தொடர்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தனர். வருமானம், மருத்துவக் காப்புறுதி, குடும்பப் பின்னணி ஆகியவை அத்தொடர்பில் நூற்றுக்கு முப்பது பங்களவில் விளக்கின. அறிவும் சிந்தனைத் திறனும் இன்னொரு முப்பது பங்களவில் விளக்கின. சுற்றத்தாரின் தொடர்புகள் பத்துப் பங்களவில் விளக்கின. நாளையைக் குறைத்து மதிக்கும் மனப்பாங்கை அளக்க அவர்கள் கையாண்ட அளவைகளோ ஒரு பங்கையும் விளக்கவில்லை. "பொறுமையற்ற ஏழை" என்னும் பாத்திரம் பொருளியலாளரின் கற்பனையிற் பிறந்து, அவர்களுடைய கணக்கேட்டிலேயே மாண்டுபோயிற்று.

அமெரிக்கக் கணக்கை அப்படியே மூதூருக்குப் பொருத்துவது தவறு. ஆயினும் அதன் திசை நமக்குப் பயன்படும். அறிவுக்கு இடமுண்டு, ஆனால் அதற்கு நிகரான இடம் வருமானத்துக்கும் குடும்ப நிலைக்கும் உண்டு. பிரித்தானியாவில் 1947இலும் 1972இலும் கட்டாயக் கல்வி வயது ஓராண்டு வீதம் உயர்த்தப்பட்டது. தொழிலாளர் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் ஓராண்டு கூடுதலாகப் பாடசாலையில் இருந்தனர். அதனால் அவர்களுடைய சுகாதாரப் பழக்கங்களும் ஆயுளும் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்று 2013இல் வெளியான கிளார்க், ரோயர் ஆகியோரின் ஆராய்ச்சி கூறியது. வகுப்பறையில் ஓராண்டு கூடிற்று. வாழ்நிலை மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை. தமிழ்நாடும் இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் உயர்கல்வியில் முன்னிற்கும் மாநிலங்களுள் ஒன்று அது. எனினும் 2009–10இல் நூற்றுக்கு 16.2ஆக இருந்த வயதுவந்தோர் புகையிலைப் பாவனை 2016–17இல் 20.0ஆக உயர்ந்தது. அதே இடைக்காலத்திற் கேரளத்தில் அது 21.4இலிருந்து 12.7ஆகக் குறைந்தது. பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கை மட்டும் இவ்வேறுபாட்டை விளக்கமாட்டாது.

ஆகவே, நாளை என்பது மனப்பாங்கன்று, உடைமை. அதை உடையவன் அதனைக் காக்கிறான், உடையாதவனுக்குக் காப்பதற்கு எதுவுமில்லை. இதைப் பொருளியலாளருக்கு முன்பே மூதூர் எழுத்தாளரொருவர் உணர்ந்திருந்தார். மூதூரிற் பிறந்து ஆசிரியத் தொழில் புரிந்த வ. அ. இராசரத்தினத்தின் "தோணி" என்னும் சிறுகதையைப் படித்தவர்கள் அதனை மறக்கமாட்டார்கள். கடலை நம்பி வாழும் குடும்பத்துச் சிறுவனொருவனுக்குச் சொந்தத் தோணி ஒன்றின்மீதுள்ள ஆசையே அக்கதையின் உயிர். அந்த ஆசையை நாம் வெறும் இளமைக் கனவாகப் படித்துவிடக் கூடாது. சொந்தத் தோணியுள்ளவனுக்கு அடுத்த பருவம் உண்டு, அடுத்த ஆண்டு உண்டு, அவனால் எதிர்காலத்தைத் திட்டமிட முடியும். பிறன் தோணியிற் பங்குக்குச் செல்பவனுக்கு இன்றைய பாடு மட்டுமே உண்டு. அவன் நாளைக்கென்று சேர்த்துவைக்காததைப் பொறுமையின்மை என்று கூறுவது, தோணியில்லாதவனை நீந்தத் தெரியாதவன் என்று ஏசுவதைப் போன்றது.

இதனோடு போரையும் சேர்த்துப் பாருங்கள். மூதூர்ப் பிரதேசம் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையைக் கண்டது. 2006 ஓகஸ்டில் நகரமே போர்க்களமாயிற்று. மூதூர் கிழக்கிலுள்ள சம்பூர் மக்கள் அவ்வாண்டு இடம்பெயர்ந்தனர். 2015க்குப் பின்னரே அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினர். ஊரைவிட்டு நீங்கும்போது ஆறு வயதாயிருந்த பிள்ளை திரும்பும்போது பதினைந்து வயதினன். முதலாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை அவன் படித்தது முகாம்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றாமற் போனால், அவனைப் "படிப்பை இடையில் விட்டவன்" என்று பதிவேடு கூறும். படிப்பை அவன் விட்டானா, படிப்பு அவனிடமிருந்து பறிக்கப்பட்டதா? பதினேழு வயதில் அவன் முதற் பீடியைப் பற்றவைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் ஃபக்ஸ் கண்ட அந்த "மூன்றாவது காரணம்" இங்கே நமக்கு மர்மமாக இருக்கவில்லை. அதற்குப் பெயருண்டு, ஆண்டுண்டு, இடமுண்டு.

அவன் எச்சரிக்கையை அறியாதவனுமல்லன். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2015 முதல் சிகரட் பெட்டியின் நூற்றுக்கு எண்பது பங்கு பரப்பிலே நோயுற்ற உடலின் படம் அச்சிடப்பட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. இவை நல்ல நடவடிக்கைகள், போராடிப் பெற்றவை. ஆனால் பெட்டியை வாங்குபவன் யார்? மாதச் சம்பளக்காரன். நாட்கூலிக்காரன் பெட்டி வாங்குவதில்லை, ஒன்றிரண்டாகச் சில்லறைக்கு வாங்குகிறான். எண்பது பங்குப் படம் கடைக்காரனின் மேசையிலேயே தங்கிவிடுகின்றது. புகை மட்டும் தொழிலாளியிடம் போய்ச் சேர்கின்றது. எச்சரிக்கைகூடப் பணமுள்ளவனுக்கே முழுமையாகக் கிடைக்கின்றது!

சட்டம் ஒருபுறமிருக்க, சந்தை எவ்வாறு இயங்குகின்றது? இலங்கையிற் சட்டபூர்வமான சிகரட் உற்பத்தி ஏறத்தாழ முழுவதும் ஒரே கம்பனியின் கையில் உள்ளது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் பிரித்தானிய அமெரிக்கன் டொபாக்கோ என்னும் பன்னாட்டுக் கம்பனிக்கு உரியவை. நாளொன்றுக்கு ஐந்து சிகரட் புகைக்கும் மூதூர்க் கூலியாள் ஆண்டுக்கு 1,825 சிகரட் வாங்குகிறான். அவன் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு வரியாகக் கொழும்புக்கும், ஒரு பங்கு இலாபமாகக் கடல் கடந்தும் செல்கின்றது. அவனுக்கு எஞ்சுவது இருமல். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி பெற்ற நாடு இது; இலவச வைத்தியமும் உள்ள நாடு. ஒரு கையால் எழுத்தறிவும் மருந்தும் வழங்கும் அரசு, மறு கையால் அவனுடைய பழக்கத்திலிருந்து வரி அறவிடுகின்றது. அந்த வருவாயின்மேல் திறைசேரி சாய்ந்திருக்கும் வரை, பழக்கம் முற்றாக ஒழிவதை அது மனமார விரும்புமா என்ற கேள்வி எழவே செய்யும்.

இதனால் வரியே கூடாதென்று நாம் வாதிடவில்லை. விலை உயரும்போது வருவாய் குறைந்தோரே கூடுதலாகப் புகைப்பதைக் குறைக்கின்றனர் என்பது பல நாடுகளின் அநுபவம். வரி பயனுள்ள கருவிதான். ஆனால் சிகரட்டின் விலை மட்டும் ஏறிப் பீடியின் விலை மலிவாக இருப்பின், மனிதன் ஒன்றிலிருந்து மற்றதற்கு இறங்குவானேயன்றி விடமாட்டான். பழக்கத்துக்கு அடிமையான உடலுக்குத் துணைசெய்யும் சிகிச்சை இல்லாதவிடத்து, வரி அவனுடைய பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிலிருந்தே அறவிடப்படும். வரிப்பணம் சிகிச்சையாகவும் பாடசாலையாகவும் அவனுடைய ஊருக்குத் திரும்பி வருமாயின் அது நீதி. திரும்பி வராவிடின் அதுவும் ஒரு தண்டமே.

கேரளத்தைப் பற்றிக் குறிப்பிட்டோம். அங்கே கற்கவேண்டிய பாடமொன்று உண்டு. வடமலபாரில் பீடி சுற்றும் தொழிலாளர்கள் தமக்குள் ஒருவரைப் பத்திரிகை வாசிக்க அமர்த்தினர். அவர் வாசிக்கும் நேரத்தில் இழக்கும் கூலிக்கு ஈடாக மற்றவர்கள் தாம் சுற்றிய பீடியிற் சிலவற்றை அவருக்குக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் இவ்வாறு பத்திரிகையை உரத்து வாசித்துக் கேட்கும் வழக்கம் இருந்தது. உலகின் மறுகோடியில், ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில், 1865ஆம் ஆண்டிலேயே இதுபோன்ற வாசிப்பு தொடங்கிவிட்டது. புகையிலைத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டே உலக அரசியலைக் கற்றவர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் அரசியல் பேசினான், சங்கம் அமைத்தான். 1960களின் இறுதியிற் புதிய தொழிற்சட்டத்தை ஏற்க மறுத்த முதலாளிகள் பீடிக் கம்பனிகளை மூடியபோது, கண்ணூர்த் தொழிலாளர்கள் 1969இல் தினேஷ் பீடி என்னும் கூட்டுறவை நிறுவினர். பிற்காலத்திற் புகையிலைப் பொருளுக்குக் கேள்வி குறைந்தபோது, அக்கூட்டுறவு குடை, உணவுப் பொருள் முதலிய பிற தொழில்களுக்குத் திரும்பியது.

இங்கே முரண்பாடு இல்லாமலில்லை. அவர்கள் சுற்றிய பீடி பிற ஏழைகளின் நெஞ்சைத்தான் எரித்தது. யாழ்ப்பாணத்திலும் தோட்டத்துப் புகையிலை விற்ற காசே பல பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவாயிற்று. திருவிதாங்கூருக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலை அங்கிருந்து கல்வியாகத் திரும்பி வந்தது. கல்வியும் புகையும் எதிரெதிர்த் துருவங்கள் என்று பேசுவோர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர். ஆயினும் அக்கொட்டில்கள் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. அங்கே எவரும் தொழிலாளிக்கு உபதேசம் செய்யவில்லை. வாசிப்பவனை அவர்களே தெரிந்தனர், வாசிக்க வேண்டியதை அவர்களே தீர்மானித்தனர், கேட்டதை அவர்களே விவாதித்தனர். அறிவு மேலிருந்து சொட்டவில்லை, கூட்டு வாழ்விலிருந்து எழுந்தது. அதனாலேயே அது செயலாக மாறியது.

இறுதியாக, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் சில கூற வேண்டும். நம்முடைய வீட்டையும் சற்றுக் கூட்டுவோம். எழுத்தாளனென்றாற் கையில் சிகரட் இருக்க வேண்டும் என்ற மயக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. புரட்சியைப் பற்றிய விவாதங்கள் பல புகைமண்டலத்தினுள்ளேதான் நடந்தன. படித்த நாம் புகைத்தபோது அது சிந்தனையின் அடையாளம், கூலியாள் புகைத்தால் அது அறியாமை! இந்த இரட்டை நாக்கை முதலில் விட்டொழிக்க வேண்டும்.

அடுத்து, பாடத்தைச் சரியான வயதிற் சொல்ல வேண்டும். பதினேழு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகின்றது என்பது ஃபக்ஸ் நமக்களித்த பயனுள்ள செய்தி. உயர்தர வகுப்பில் நடத்தும் சொற்பொழிவு ஏற்கெனவே தப்பிக் கரையேறியவனுக்கே கேட்கின்றது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவன் எட்டாம் வகுப்பிலேயே வலையிழுக்கப் போய்விட்டான். ஆகவே அவனைப் பாடசாலையில் நிறுத்திவைப்பதே முதலாவது புகையொழிப்பு இயக்கம். வரவுப் பதிவேட்டில் ஒரு பெயர் தொடர்ந்து மூன்று நாள் விடுபடும்போது அந்த வீட்டுக்குச் செல்லும் ஆசிரியர், நூறு சுவரொட்டிகள் செய்யாத வேலையைச் செய்கிறார். அங்கே அவர் காணப்போவது அறியாமையையன்று. கடனையும் நோயையும் பழுதான வலையையும் காண்பார். அவற்றைப் பற்றிப் பேசாமற் புகையைப் பற்றி மட்டும் பேசுவது பயனற்றது என்பதை அங்கேயே உணர்ந்துகொள்வார்.

கடற்றொழிலாளர் சங்கமும் விவசாயக் கூலிகளின் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் இதிற் பங்குகொள்ள வேண்டும். பள்ளிவாசலும் கோயிலும் ஆண்டில் ஒரு மாதம் காட்டும் கூட்டு வலிமையைச் சங்கம் ஏன் பன்னிரண்டு மாதமும் காட்டக் கூடாது? விட நினைப்பவனுக்குத் துணையாக ஓர் ஆள், சிகிச்சைக்கு ஒரு கூலிநாளை இழக்காமற் செல்லும் வழி, பெட்டியை உடைத்து ஒற்றையாக விற்பதை நிறுத்தும் ஊர்க் கட்டுப்பாடு ஆகியவை சிறிய கோரிக்கைகளே. பெரிய கோரிக்கை வேறு: கடலுக்குச் செல்பவனுக்குத் தோணி, வயலில் இறங்குபவனுக்கு நிலம், படிக்கும் பிள்ளைக்குப் படித்த பின் வேலை. சிறியதைச் செய்யாமற் பெரியதை முழங்குவதும், பெரியதை மறந்து சிறியதில் மூழ்குவதும் நாம் இருமுறை செய்த பிழைகள்.

படித்தவன் ஏன் புகைப்பதில்லை? படித்ததனால் மட்டுமன்று. அவனுக்கு ஒரு நாளை வாக்களிக்கப்பட்டிருக்கின்றது. அதனைக் காப்பாற்றிக்கொள்ளும் வசதியும் அவனுக்கு வாய்த்திருக்கின்றது. மூதூர் இறங்குதுறையிலே பீடி பற்றவைக்கும் மனிதனுக்கும், அவனைக் கடந்து பாடசாலை செல்லும் அவன் பிள்ளைக்கும் அந்த நாளை கிடைக்கும்படி செய்வது நம் கடமை. அதனைச் செய்யாதவரை, அவனைப் பார்த்து "விளங்காது" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.